எங்கிருந்தும்

அலுவலகக் கூரையில் இருந்த, புகை பட்டால் கத்துகிற வெள்ளை வட்டக் கருவிக்கு வேலுச்சாமி ஒரு துணிக்கடைப் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். போன வருஷ ஆயுத பூஜையில் சாம்பிராணிப் புகைக்கு அது கத்தித் தொலைத்து, மூன்று மாடிச் சனமும் படியிறங்கி வெயிலில் நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். பூஜையை முன்னின்று நடத்துகிற மனுஷன் இந்த வருஷம் உஷார். பூங்கோதை முதலில் அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள். சாமி கும்பிடுவதற்காகக் காவல்காரன் வாயைக் கட்டி வைத்திருக்கிறார் பார் என்று பக்கத்தில் நின்ற சக ஊழியன் ரஹ்மத்திடம் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. வாயைக் கட்டியது. நானும் கட்டினேனே. ஒரு மணி நேரத்துக்கு எச்சரிக்கை மணி வேண்டாம் என்று அமுக்கினேனே, எப்போது, இதோ இப்போதுதான், மூன்று முப்பத்தொன்றுக்கு. எதற்கு அமுக்கினேன்? பொள்ளாச்சிக்காக. பொள்ளாச்சிக்காக வேறு என்ன செய்தேன்? மனம் அந்த இடத்துக்கு வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுகொண்டது. அவளே அதைப் பிடித்துத் தள்ளினாள். கதவைத் திறந்தேன். மூடினேனா? வலது கையின் ஆள்காட்டி விரலை மூடிய ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது போலப் பார்த்தாள். விரலில் சந்தனம்தான் இருந்தது. மூடவில்லை. பிள்ளையார் படத்துக்கு மேலே இருந்த கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்தேழு.

ஆறு நிமிடம். ஆறு நிமிடமாகத் திறந்திருக்கிறது. அருள்நிலை மருத்துவமனை என்று கோவை வட்டாரத்தில் ஆறு ஊரில் ஆறு ஆஸ்பத்திரி, அவற்றின் கணினிகளுக்குக் காவல் பார்ப்பது பூங்கோதையின் அலுவலகம். அந்த ஆறிலும் எடுக்கிற ரத்தம், சிறுநீர், சளி எல்லாவற்றின் பரிசோதனை முடிவுகளும் ஒரே ஒரு இயந்திரம் வழியாகத்தான் டாக்டர்களுக்குப் போகின்றன. இயந்திரம் என்று சொல்வது பேச்சுக்கு. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மும்பைப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில், ஒரு இரும்புப் பெட்டிக்குள், வெறும் மென்பொருளாக நாற்பது இயந்திரங்கள் குடித்தனம் நடத்துகின்றன, அதில் ஒன்று இது. அதற்குக் கட்டிய சுவரும் மென்பொருள்தான். சுவர் என்பதே நாலைந்து வரி எழுத்து: இன்ன ஊரிலிருந்து வரலாம், இன்னார் வரலாம், மற்ற யாரும் வரக்கூடாது. பதினெட்டு வருஷத்துக்கு முன் இந்த வேலைக்கு வந்தபோது பூங்கோதைக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, எழுதினால் சுவர். எழுதினால் சுவர் என்றால் ஒரு வார்த்தையை மாற்றினால் சுவர் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது, அதை அப்போது யார் யோசித்தார்கள். பொள்ளாச்சிக் கிளை புதிது. அங்கிருந்து முடிவுகள் வந்து சேரவில்லை என்று அந்த ஊர் டெக்னீஷியன் மதியத்திலிருந்து போனில் பிராணனை வாங்கினான். உங்க சுவர்தான் மேடம் மறிக்குது, உங்க சுவர்தான். கோளாறு நம் பக்கமா அவன் பக்கமா என்று தெரிய ஒரே வழி, சுவரையே இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுப் பார்ப்பது. செய்யக்கூடாது. செய்யவே கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவளே அவள்தான். இரண்டு நிமிடம்தானே என்று பொள்ளாச்சி முகவரி இருந்த இடத்தை அழித்துவிட்டு, 'எங்கிருந்தும்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்துக் குறிப்பில் 'தற்காலிகம்' என்று ஒழுங்காக எழுதவும் செய்தாள். எங்கிருந்தும் என்றால் எங்கிருந்தும்தான், உலகத்தில் எந்த மூலையிலிருந்தும். அந்த நேரம் பார்த்துத்தான் வேலுச்சாமி வந்து நின்றார். "அம்மிணி, உங்க ஒருத்தருதுதான் பாக்கி. டாக்டரு வந்து உக்காந்துட்டாருங்க. ஒரு அரை மணி நேரம் அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும் உடுங்க" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தானே சாத்தி, லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தூக்கியதும் அவள் எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பட்டுச்சேலை. அதுதான் கடைசியாக நினைவிருக்கிறது, மடிப்பைச் சரிசெய்தது.

இப்போது அந்த லேப்டாப் நீள மேசையின் மேல் மூன்றாவது வரிசையில், சாமந்திப் பூவுக்கு அடியில், நெற்றியில் பொட்டோடு படுத்திருக்கிறது. இந்த அலுவலகத்தில் பூஜை போட வேறு ஆயுதம் கிடையாது. முன்பு கீழ்த்தளத்தில் ஓர் அறை நிறைய நிஜ இயந்திரங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை போடலாம். எல்லாம் கிளவுடுக்குப் போன பிறகு எதற்குப் பட்டை போடுவது என்று வேலுச்சாமிக்குக் கவலை வந்துவிட்டது. கடைசியில் ஆறு ஆஸ்பத்திரியின் வலையமைப்புப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, சட்டம் போட்டு, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தி அதற்கும் மாலை போட்டார். லேப்டாப்புகள் கட்டாயம். இந்த வருஷம் போன்களும் ஆயுதம்தான் என்று பித்தளைத் தட்டில் வாங்கிக்கொண்டார். அவசர அழைப்புக்கென்று ரஹ்மத்தின் போன் மட்டும் தப்பியது. அந்தப் போனுக்குத்தான் எச்சரிக்கை வரும். வராது, மணியை அமுக்கியாகிவிட்டது. சூடம் காட்டி முடிக்கும்வரை யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது வேலுச்சாமியின் சட்டம். சுவரை மூன்றே மூன்று லேப்டாப்பிலிருந்துதான் மாற்ற முடியும் என்பது பூங்கோதை போட்ட சட்டம்: அவளுடையது, ரஹ்மத்துடையது, மேலாளர் சிவஞானம் சாருடையது. மூன்றும் அந்த மேசையில் இருந்தன. தான் போட்ட சட்டமே தன் கழுத்தைப் பிடிக்கிறது. சொல்லிவிடலாம். அண்ணா, ஒரு நிமிஷம், என் லேப்டாப்பைக் கொடுங்க, அவ்வளவுதானே. ஏன் என்று கேட்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்வரிசை நாற்காலியில் அருள்நிலையின் தலைவர் டாக்டர் கனகசபாபதியே உட்கார்ந்திருக்கிறார், வருஷாவருஷம் அழைத்து இந்த வருஷம்தான் வந்திருக்கிறார், இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி. அவருடைய ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்று சாமி கும்பிடுகிறேன். எதிர்ச் சுவரில் தொங்குகிற சட்டத்தில் அவளுடைய பெயரோடு அவளுடைய வாக்கியம்: 'ஒரு நிமிடம் திறந்தாலும் திறந்ததுதான்.' வேலுச்சாமி அதற்கும் ஒரு முழம் பூ சுற்றியிருந்தார்.

பதினோரு நிமிடம் என்ற எண்ணை மனம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன் வேண்டுமென்றே ஒரு காலி இயந்திரத்தைக் கதவு திறந்து வைத்துச் சோதித்தாள், யாராவது வருகிறார்களா என்று. பதினோராவது நிமிடத்தில் முதல் தட்டல் வந்தது. மனிதர்கள் இல்லை, உலகம் முழுக்க முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டே போகிற திருட்டு நிரல்கள். அவற்றுக்குத் தூக்கம் இல்லை, பண்டிகை இல்லை. அப்படியானால் மூன்று நாற்பத்திரண்டு வரை பயமில்லை. வேலுச்சாமி இப்போதுதான் ஊதுபத்தி கொளுத்துகிறார், மூன்று நாற்பதுக்குள் சூடம் காட்டிவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாமல் எடுத்து மூடிவிடலாம். ஆனால் இரண்டாவது தடவை சோதித்தபோது ஏழாவது நிமிடத்தில் தட்டினார்கள். மூன்றாவது தடவை நாலில். அதை நினைக்காதே. பதினொன்று, பதினொன்று. இது பழக்கமான பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மருதமலைக்குப் புறப்பட்டு வடவள்ளி தாண்டியதும் கேஸை மூடினேனா என்று வண்டியைத் திருப்பச் சொன்னவள்தானே, வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார், வந்து பார்த்தால் மூடித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மூடித்தான் இருந்திருக்கிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் பூட்டை ஆட்டிப் பாத்துட்டியா, மூணு தடவ ஆட்டுனியா என்று இன்றைக்கும் அவர் கேலி செய்கிறார். இதுவும் மூடியிருக்குமோ? கை தன்பாட்டுக்கு மூடியிருக்குமோ? இல்லை. 'எங்கிருந்தும்' என்ற எழுத்து திரையில் இருக்கும்போதேதான் மூடி சாத்தப்பட்டது, அந்த எழுத்தின் மேல் வேலுச்சாமியின் விரல் நிழல் விழுந்தது கண்ணுக்குள் நிற்கிறது. இந்தத் தடவை கேஸ் மூடவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்ததனாலேயே வந்தது. வேறொரு ஊர், வேறொரு ஆஸ்பத்திரி, இவர்களுக்குச் சம்பந்தமில்லாதது. கணினிகளுக்குள் புகுந்தவர்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள், உதவிக்கு வாருங்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பூங்கோதை போனபோது இரண்டாவது நாள். எல்லாத் திரையும் சிவப்பு. கண்டபடி ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைத்துப் போனாள். அப்படி இல்லை, நடைபாதை கோயில் பிரகாரம் மாதிரி அமைதியாக இருந்தது. ஒரு நர்ஸ் மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்: கட்டில் எண், பெயர், ரத்த வகை. ஒரு கட்டிலுக்கு எழுதி, அடித்து, வேறு எழுதி, பிறகு அந்தக் கட்டிலில் கிடந்த பெண்ணிடமே போய் உங்க பிளட் குரூப் என்னங்கம்மா, ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஆபரேஷனுக்காகப் பச்சைத் துணி போர்த்தி ஆறு மணி நேரமாகக் காத்துக் கிடந்தவள். எனக்குத் தெரியாதுங்களே, என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், அவரு சாப்பிடப் போயிருக்காரு என்றாள். அந்த அம்மா என்ன ஆனாள் என்று பூங்கோதை கேட்டுக்கொள்ளவில்லை. பயந்துகொண்டு கேட்கவில்லை. இங்கே அருள்நிலையில் இப்போது எத்தனை பச்சைத் துணி? அந்த இயந்திரத்தில் 'நர்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் கடவுச்சொல்லும் நர்ஸ்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் வசதிக்கு வைத்துக்கொண்டது. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று மூன்று கடிதம் போட்டாயிற்று, மாற்றவில்லை. வெளிச்சுவர் இருக்கிறது, போகட்டும் என்று விட்டாள். வெளிச்சுவர். மணி மூன்று நாற்பத்து மூன்று. பதினோரு நிமிடம் முடிந்து போயிற்று. தண்ணீர் வேண்டும். யாரோ சுண்டல் தாளித்த வாசம் வந்தது.

வேலுச்சாமி நிதானமாகத்தான் செய்தார். அவருக்கென்ன அவசரம். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனியாக அட்சதை போட்டு, இது யாருது, கணக்குப் பிரிவா, நல்லா இருக்கட்டும், என்று ஒவ்வொன்றையும் நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். சீக்கிரம் அண்ணா, சீக்கிரம். முப்பத்திரண்டு லேப்டாப். இப்போது ஒன்பதாவது. பிறகு ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிட்டால்? கதவை மூடி, மணியின் வாயை அவிழ்த்துவிட்டால்? முடியாது, பதிவேடு இருக்கிறது. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்பது நொடி சுத்தமாக அதில் விழும், அதை யாரும் அழிக்க முடியாது, அவளாலேயே முடியாது, அப்படித்தான் அவள் அதைக் கட்டினாள். ஆனால் அதை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? மணி அடித்தால்தான் பார்ப்பார்கள். மணி அடிக்காது. பார்க்க வேண்டிய ஆள் யார்? அவள்தான். மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டி, திறந்துபோட்டவர்களைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதுகிற ஆள் அவள். அந்த எண்ணம் கொஞ்சம் இதமாக இருந்தது. இதமாக இருந்ததை உணர்ந்ததும் உடம்பு கூசியது. இப்படித்தான் போன சித்திரையில் சேந்தனைக் கண்டுபிடித்தாள். இருபத்தொன்பது வயது, கலியாணமாகி நாலு மாசம், கோபியிலிருந்து வந்தவன், கெட்டிக்காரன். ஈரோட்டுக் கிளைக்காக இதே வேலையைச் செய்தான், இதே 'எங்கிருந்தும்'. எட்டு நிமிடம். அப்போது ஒரு தட்டல்கூட விழவில்லை. கால அளவு: எட்டு நிமிடம். காரணம்: அலட்சியம். அவள் கைப்பட எழுதிய இரண்டு வரி. நல்ல பையன்தான் சார், ஆனா இந்த வேலைக்கு அலட்சியம் ஆகாது என்று வாயாலும் சொன்னாள். அவனாகவே விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். போகிற அன்று மேசைக்கு வந்து வரேங்க மேடம் என்றான். எட்டு நிமிஷம்தானே மேடம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தாள், சுவரில் தொங்குகிறதே அந்த வாக்கியம். இப்போது தன் கணக்கு என்ன? பதினேழு. பதினெட்டு. வேலுச்சாமி இருபதாவது லேப்டாப்பிடம் நலம் விசாரித்தார்.

சொல்லிவிடு. எண்ணிக்கொண்டு சொல், மூன்று எண்ணு. ஒன்று, இரண்டு. சூடம் ஏற்றட்டும், அப்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஒன்று, இரண்டு. டாக்டர் தும்மினார், அது முடியட்டும். ஒன்று. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிப் பாத்ரூம் போகணும் டீச்சர் என்று கேட்கப் பயந்து பெஞ்சிலேயே இருந்துவிட்டவள் நாற்பத்தொரு வயதில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெல்ல நகர்ந்து, முன்னால் நின்ற சிவஞானம் சாரின் பின்னால் போய் நின்றாள். சட்டைக் கையைத் தொட்டாள். "சார்." குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. மறுபடியும், "சார், ஒரு விஷயம்." அவர் திரும்பவில்லை. டாக்டருக்கு நீட்ட வேண்டிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வையை மேசையிலிருந்து எடுக்காமல், ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். இரு. பூங்கோதை இருந்தாள். நன்றாகப் பழக்கின பிள்ளை போல இருந்தாள். மூன்று ஐம்பத்திரண்டு. அப்பாடா, சொல்லிப் பார்த்துவிட்டோம், அவர்தான் கேட்கவில்லை என்று மனசின் ஒரு மூலை நிம்மதிகூடப் பட்டது. அந்த விரல் இன்னும் காற்றில் நின்றது. அந்த விரலை எங்கேயோ பார்த்திருக்கிறாள். சாருடைய விரல் இல்லை. மோதிரம் போட்ட, நகப்பூச்சு உரிந்த விரல். தன் விரல்.

காதில் போன். அச்சகத்துக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார், அந்த வாக்கியத்தை எந்த எழுத்தில் போடட்டும், பெரிசாவா நடுத்தரமாவா மேடம். சித்திரை வெயில், ஜன்னல் திரை பாதி இறங்கியிருக்கிறது. மேசைக்கு இடதுபக்கம் யாரோ வந்து நிற்கிறார்கள். "மேடம்." அவள் பார்க்காமலே விரலைத் தூக்குகிறாள், இரு. ஆள் நிற்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை. பெரிசாவே போடுங்க, தூரத்துல இருந்து தெரியணும், இல்ல இல்ல சிவப்பு வேண்டாம். ஆள் போகிறது, திரும்பி வருகிறது. "மேடம், ஈரோடு..." மறுபடி விரல். இந்தப் பையன் ஏன் இப்படி வேலையில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறான் என்று எரிச்சல்பட்டது சுத்தமாக ஞாபகம் இருக்கிறது. எரிச்சல் ஞாபகம் இருந்தது, அவன் நின்றது இத்தனை நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் கேட்க வந்தான். திறந்தே கிடப்பதை உடனே பார்த்துவிட்டான், சட்டென்று மூடினால் ஈரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த முடிவுகள் பாதியில் அறுந்துபோகுமோ என்று கேட்க வந்தான், கேட்காமல் மூடப் பயம், கேட்கவும் பயம், யாரைப் பார்த்துப் பயம், என்னைப் பார்த்துத்தான். எட்டு நிமிடம். அதில் எத்தனை நிமிடம் அவனுடையது? சூடம் ஏற்றிவிட்டார்கள். வேலுச்சாமி தட்டைத் தூக்கி, "எல்லாரும் கண்ணை மூடிக் கும்புட்டுக்குங்க" என்றார். எல்லோரும் மூடினார்கள். இதோ, இந்தச் சமயத்தைத்தானே கேட்டாய், போய் எடு, ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பூங்கோதை போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"நிறுத்துங்க" என்றாள். தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "வேலுச்சாமிண்ணா, நிறுத்துங்க. என் லேப்டாப் வேணும். நான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து போட்டுட்டேன். ரிசல்ட் இயந்திரம். மூணு முப்பத்தொண்ணுல இருந்து திறந்து கிடக்கு."

"அம்மிணி, சூடம் எரியறப்ப..." என்று வேலுச்சாமி ஆரம்பித்தார். ரஹ்மத் அதற்குள் மேசைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவன், அவள் குரலில் இருந்தது அவனுக்குப் போதும். பூவோடு அப்படியே இழுத்தான். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு டாக்டரின் செருப்பில்லாத காலடியில் போய் நின்றது. பூங்கோதை தரையிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். விரலை வைத்தாள். ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை. "சந்தனம், கோதை, விரல்ல சந்தனம்" என்றான் ரஹ்மத். பட்டுச்சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை வைத்தாள். திறந்தது. 'எங்கிருந்தும்' அங்கேயேதான் இருந்தது, எந்தப் பரபரப்பும் இல்லாமல். அதை அழித்து, 'எங்கிருந்தும் வேண்டாம்' என்று ஆக்கியபோது மணி மூன்று ஐம்பத்தாறு.

ரஹ்மத் தன் லேப்டாப்பையும் எடுத்து, பதிவேட்டைத் திறந்து, திரையில் விழுந்த குங்குமத்தை ஊதிவிட்டுப் படித்தான். கூடத்தில் முப்பது பேர் இருந்தும் ஏசியின் சத்தம் கேட்டது. "முதல் தட்டல் மூணு முப்பத்தஞ்சு" என்றான். நாலாவது நிமிடம். அப்போது அவள் பட்டுச்சேலையில் கைகூப்பி நின்றிருந்தாள். "மொத்தம் நானூத்திப் பன்னெண்டு. ஒரே ஆள்தான், பேர்ப் பட்டியல் வச்சு வரிசையாத் தட்டியிருக்கான். அட்மின், பேக்கப், பில்லிங், டாக்டர்... லேப், மெயில், மேனேஜர், மானிட்டர்... கடைசியா நெட்வொர்க்." அவன் நிறுத்தினான். பட்டியல் ஆங்கில அகரவரிசையில் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்துச் சீக்கிரமே எந்தப் பெயர் வரும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"உள்ள வந்துட்டாங்களா?" என்று டாக்டர் கனகசபாபதி கேட்டார்.

"இல்லைங்க சார். யாரும் வரலை. ஆனா அடுத்து நர்ஸுங்கற பேரைத் தட்டியிருப்பான். அது திறந்திருக்கும்" என்றாள் பூங்கோதை.

டாக்டர் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அதை மாத்தச் சொல்லி நீங்க எழுதுன லெட்டர் மூணும் என் மேசைலதான் இருக்கு" என்றார். பிறகு பூங்கோதையைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"மூணு முப்பத்தேழு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு, போன் கொண்டுவந்து கொடுங்க, நான் என் ஆளுங்களோட பேசணும் என்றார். பித்தளைத் தட்டைச் சுற்றி ஒரே கூட்டமாகிவிட்டது. வேலுச்சாமி நாற்காலி போட்டு ஏறி, மேலே மாட்டியிருந்த பையைக் கழற்றினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சிவஞானம் சார் அவளைத் தனியாக ஜன்னல் ஓரம் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "யாரும் உள்ள வரலை இல்ல, அதான் முக்கியம். அறிக்கைல தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கலாம் பூங்கோதை. பொள்ளாச்சி லைன்ல சிக்கல் இருந்துச்சு, சோதனைன்னு. நான் கையெழுத்துப் போடறேன்." நல்ல மனசோடுதான் சொன்னார். அதை ஏற்றுக்கொள்ள அவள் உடம்பு முழுக்க ஆசைப்பட்டது. வேலை, பெயர், சுவரில் தொங்குகிற வாக்கியம், நாளைக்குக் காலையில் எப்போதும் போல உள்ளே நுழைவது. "கோளாறு ஒண்ணும் இல்லைங்க சார்" என்றாள். "நானே எழுதிடறேன்."

தன் மேசையில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். பெயர்: சொ. பூங்கோதை. கால அளவு: இருபத்தைந்து நிமிடம். காரணம் என்ற கட்டத்தில் கை நின்றது. அலட்சியம் என்று எழுதினால் அதுவும் பொய்தான். முதல் ஆறு நிமிடம் மறதி என்று எழுதினாள். மீதிப் பத்தொன்பது நிமிடம், சொல்லப் பயம். படித்துப் பார்த்தாள், மாற்றவில்லை. படிவத்தின் அடியில், இதற்கு முன் நடந்த இதே போன்ற தவறுகளைச் சேர்க்கவும் என்று இருந்தது. அந்த வரியைப் படிவத்தில் சேர்த்ததும் அவள்தான். பழைய அறிக்கையை எடுத்தாள். கால அளவு, எட்டு நிமிடம். காரணம், அலட்சியம். போனில் இன்னும் சூடத்தின் கரி ஒட்டியிருந்தது. எண்ணைத் தேடினாள், அழிக்காமல் வைத்திருந்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் கடைத்தெருச் சத்தம், யாரோ பொரி விலை கேட்டார்கள்.

"சொல்லுங்க மேடம்" என்றான் சேந்தன். அவனும் எண்ணை அழிக்கவில்லை.

"சேந்தன், அன்னிக்கு, அந்த ஈரோடு விஷயத்துல... நான் போன்ல பேசிட்டு இருந்தப்ப என் மேசைகிட்ட வந்து நின்னீங்க இல்ல. எத்தனை நேரம் நின்னீங்க?"

"அஞ்சு நிமிஷங்க மேடம்" என்றான். அவன் யோசிக்கக்கூட இல்லை.

பூங்கோதை பழைய அறிக்கையின் திருத்தம் என்ற கட்டத்தைத் திறந்து, அலட்சியம் என்பதற்கு எதிரே, 'எட்டில் ஐந்து நிமிடம் என்னுடையது' என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள்.